கடலுக்கும் கல்யாண மேடைக்கும் ஒரே பிட்ரேட்டா?

எங்கள் பக்கம் வீடியோ எடிட்டிங் செய்கிற தம்பிகள் கேட்கும் முதல் கேள்வி: "அண்ணே, பிட்ரேட் எவ்வளவு வைக்கணும்?" பிட்ரேட் என்றால் ஒரு நொடி வீடியோவுக்குச் செலவாகும் டேட்டா. ஒரு எண்ணைச் சொன்னால் போதும், அதை சிபிஆரில் (மாறாத பிட்ரேட்) போட்டு நிக்காஹ், தனுஷ்கோடி, பாம்பன் பாலம் எல்லாவற்றையும் அதிலேயே தள்ளிவிடுவார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. எண்ணெல்லாம் அப்புறம்; அந்த டேட்டாவைப் பங்கிடுவது எந்த மோட் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

சிபிஆர் நொடிக்கு நொடி ஏறக்குறைய ஒரே அளவு டேட்டாவைச் செலவழிக்கும். காட்சியில் என்ன இருக்கிறது என்று பார்க்காது. கீழக்கரையில் ஒரு மண்டபம், ட்ரைபாடில் கேமரா. பின்னால் பூ அலங்காரம் அசையாது, மாப்பிள்ளையும் அசையமாட்டார் (அசைந்தால் மாமா முறைப்பார்). மாற்றமே இல்லாத இடத்தில் என்கோடர் (வீடியோவைச் சுருக்கும் மென்பொருள்) முந்தைய ஃப்ரேமை வைத்தே ஒப்பேற்றிவிடும். அதற்கு எதற்கு 8 எம்பிபிஎஸ் (நொடிக்கு 8 மெகாபிட்)?

தனுஷ்கோடியின் கோடியில் இருக்கிற அரிச்சல்முனைக்கு வாருங்கள். தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் ஒரு பக்கம் பெண் கடல் குளம் மாதிரி கிடக்கும், மறுபக்கம் ஆண் கடல் பொங்கும். அந்த நுரையைக் கிட்டத்தில் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு குமிழும் அடுத்த ஃப்ரேமில் வேறு இடம், வேறு வடிவம். முந்தைய ஃப்ரேமிலிருந்து எடுத்துக்கொள்ள எதுவும் இருக்காது. மேடைக்கு மிஞ்சிய அதே 8 இங்கே பற்றாது. நுரை கட்டம் கட்டமாக உடையும், ஈர மணலின் வரிகள் மழுங்கிவிடும்.

அதனால் வைத்துக்கொள்ளப்போகிற வீடியோ என்றால் என் ஓட்டு சிஆர்எஃப் என்கிற, தரத்தை நிலையாக வைக்கும் மோடுக்குத்தான். தரத்தை நீங்கள் சொல்லுங்கள், பிட்ரேட்டை அது பார்த்துக்கொள்ளும். எக்ஸ்264 என்கிற என்கோடரில் வழக்கமான அளவு 23. எண் குறையக் குறையத் தரம் கூடும். 6 குறைத்தால் ஃபைல் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். கடல் காட்சிக்கு நான் 18-லிருந்து 20-க்குள் வைப்பேன். ஃபைல் எவ்வளவு பெரிதாக வரும் என்று முன்கூட்டித் தெரியாது, அது ஒன்றுதான் குறை.

ஃபைல் அளவு முன்னாடியே முடிவாகிவிட்டால் டூ பாஸ் விபிஆர் (வீடியோவை இரண்டு முறை ஓட்டி, காட்சிக்குத் தக்கபடி பிட்ரேட்டை மாற்றும் மோட்). எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. மூன்று மணி நேரக் கல்யாணத்தை அதற்குள் அடக்க, ஆடியோவையும் சேர்த்து 3 எம்பிபிஎஸ்தான் கிடைக்கும். முதல் பாஸில் முழு வீடியோவையும் அலசிவிட்டு, இரண்டாவதில் மேடையிலிருந்து பிடுங்கி வாணவேடிக்கைக்குக் கொடுக்கும். நேரம் கூடுதலாகப் பிடிக்கும், பிடிக்கட்டும். அளவுக் கட்டுப்பாடே இல்லாதபோதும் டூ பாஸ் போட்டு ராத்திரி முழுக்க ரெண்டர் ஓட்டுகிறவர்களைத்தான் எனக்குப் புரியவில்லை.

சரி, சிபிஆர் எதற்கு? லைவுக்கு. துபாயில் இருக்கிற அண்ணன் மண்டபத்து நிக்காஹை நேரலையில் பார்க்க வேண்டும் என்றால் அது போதும். யூடியூபே லைவுக்கு சிபிஆரைத்தான் பரிந்துரைக்கிறது. இணைய வேகத்துக்கு ஒரு எல்லை இருக்கிறது. விபிஆரில் வெடி போடும் நேரத்தில் பிட்ரேட் எகிறினால் அங்கே படம் சுற்ற ஆரம்பித்துவிடும். மண்டபத்திலேயே அப்லோட் வேகத்தைப் பார்த்து, பிட்ரேட்டை அதற்கு நன்றாகக் கீழே வையுங்கள். வேகம் குறைவென்றால் 1080 என்று அடம்பிடிக்காமல் 720-க்கு இறங்கிவிடுங்கள்.

யூடியூபில் ஏற்றுகிற வீடியோவை அவர்கள் எப்படியும் மறுபடி சுருக்குவார்கள், ஆகவே தாராளமாகவே கொடுங்கள். வாட்ஸ்அப்பிலும் அதே கதைதான், டாக்குமென்டாக அனுப்பினால் தப்பிக்கலாம்.