செந்தோசாவுக்கு வெளியே தங்கலாம்
சிங்கப்பூரில் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவைப் பார்க்க, அது இருக்கும் செந்தோசாத் தீவிலேயே தங்குவதுதான் வசதி என்கிறது நான் படித்த ஒரு பயணக் கட்டுரை. வசதிதான், பணமிருப்பவர்களுக்கு! கல்லடியிலிருந்து ஐந்து பேராகப் போன நாங்கள் நகருக்குள் லிட்டில் இந்தியாப் பகுதியில் அறை எடுத்தோம். அங்கிருந்து தீவுக்கு எதிரேயுள்ள ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்துக்கு ஒரே ரயில், இடையில் மாறத் தேவையில்லை. பிறகு கடலோர நடைபாதையால் நடந்தே தீவுக்குள் போய்விடலாம். காலைத் தோசையும் இரவுச் சாப்பாடும் லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா சந்தையில். சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம் என்பதால் வீட்டுப் போத்தல்களே போதும். பூங்காவுக்குள் மதியச் சாப்பாடு மட்டும் வாங்கினோம். அந்த விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்த மனைவி, ஒரு கிழமைக்கு மீன் வாங்கலாமே என்றார். பெருக்காமல் சாப்பிடுவதே நல்லது. ஜூன், டிசம்பர் அங்கே பள்ளி விடுமுறைக் காலம்; அப்போது போகாதீர்கள்.