"அவளுக்குப் போதும்"னு சொல்ல நீங்க யாருங்க?

என் வீட்டுக்காரரின் பேண்ட் அளவு 38 இஞ்ச். இதை ஏன் எடுத்த எடுப்பிலேயே போட்டு உடைக்கிறேன் என்றால், நான் எத்தனை கிலோ என்பது இவருடைய அக்கா, அக்கா வீட்டுக்காரர், என் மாமியார், மாடி வீட்டு ஆன்ட்டி வரை எல்லாருக்கும் தெரியும், இவருடைய இடுப்பளவை மட்டும் ராணுவ ரகசியம் மாதிரி இத்தனை வருடமாகக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். 38 இஞ்ச் என்றால் 96 சென்டிமீட்டருக்கு மேல். நம் ஊர் ஆண்களுக்கு டாக்டர்கள் சொல்கிற எல்லை 90. அதுவும் பேண்ட்டைத் தொந்திக்குக் கீழே இறக்கித்தான் போடுகிறார், தொப்புளுக்கு நேராக டேப்பை வைத்தால் என்ன வரும் என்று சொல்லி மானத்தை வாங்க வேண்டாம் என்று விட்டுவிடுகிறேன். ஆனால் வீட்டில் "வெயிட்" என்று யாராவது வாயெடுத்தால் எல்லார் கண்ணும் என் மேல்தான் வந்து நிற்கும். இவருடையது தொந்தியே இல்லையாம், கல்யாணத்துக்கு அப்புறம் வாய்க்கு ருசியாகச் சாப்பாடு கிடைத்ததற்கு அடையாளமாம். அந்தச் சாப்பாட்டை ஆக்கிப் போட்டவள் குண்டானால் மட்டும் சோம்பேறி.

போன மாதம் இவருடைய சித்தப்பா வீட்டில் விருந்து. சித்தி பாசமாக இன்னொரு கரண்டி பிரியாணியோடு என் இலைப் பக்கம் குனிகிறார், நான் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, அதற்குள் நாலு பேர் தள்ளி உட்கார்ந்திருந்த இவர் "அவளுக்குப் போதும் சித்தி, டயட்ல இருக்கா" என்று பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு குரல். சித்தி கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். எதிரே இருந்த கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்கள். யாரைக் கேட்டுச் சொன்னீர்கள்? நான் டயட்டில் இருக்கிறேனா இல்லையா என்பதே எனக்கு அன்றைக்குத் தெரியாது. அதைச் சொல்லிவிட்டு இவர் ரெண்டாவது தடவை வாங்கினார், மூன்றாவதாக ஒரு லெக் பீஸையும் கேட்டு வாங்கினார், கடைசியில் ஐஸ்கிரீமை என் கண் முன்னாலேயே வழித்துத் தின்றார். வீட்டுக்கு வரும் வழியில் வண்டியில் நான் பேசாமல் இருந்ததற்கு, "இதுக்கெல்லாமா கோச்சுக்குவ, உன் நல்லதுக்குத்தான சொன்னேன்" என்று ஒரு சமாதானம்.

என் நல்லதை இவர் பார்க்கிற லட்சணத்தைக் கேளுங்கள். சம்பளம் வந்த அன்றைக்கு அல்வா, மிக்ஸர், பால்கோவா என்று பை நிறைய வாங்கி வந்து டைனிங் டேபிளில் பரப்புவார். சனிக்கிழமை ராத்திரி புரோட்டா சால்னா பார்சல். "உனக்குப் பிடிக்குமேனு வாங்கினேன்" என்பார். சரி, பிடிக்கும்தான், உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தால் இரண்டாவது புரோட்டாவுக்குக் கை போகிற நேரம் பார்த்து ஒரு பார்வை. வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார், தட்டைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், டிவியைப் பார்ப்பார். அவ்வளவுதான், எனக்குத் தொண்டைக்குள் இறங்காது. வாங்கி வருவதும் இவர்தான், கணக்குப் பார்ப்பதும் இவர்தான், மிச்சமானதை "வீணாப் போகுது பாரு, நீ சாப்பிட்டுடு" என்று என் பக்கம் தள்ளி வைப்பதும் இவர்தான்!

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது, அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. எனக்கு டைபாய்டு வந்து கஞ்சியும் பிரெட்டுமாகக் கிடந்தேன். எழுந்து நடந்தால் கண் இருட்டும், தலைமுடி கொத்துக்கொத்தாகக் கையோடு வரும். அந்த நேரத்தில் என்னைப் பார்த்து இவர், "இப்பதான் கல்யாண போட்டோல இருக்கிற மாதிரி இருக்க" என்றார். மனதாரச் சொன்னார், கண்ணில் அப்படி ஒரு சந்தோஷம். இவர் அம்மாவும் "முகம் எடுப்பா ஆயிடுச்சு" என்று ஆமோதித்தார். காய்ச்சலில் செத்துப் பிழைத்தவளுக்கு இதுதான் நலம் விசாரிப்பு. உடம்பு தேறி, பழையபடி நடமாடி, முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஏறியதும் "மறுபடி போட்டுட்டியே" என்று ஒரு பெருமூச்சு. நான் நன்றாக இருப்பதை விட ஒல்லியாக இருப்பதுதான் இந்த வீட்டுக்குப் பிடித்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அளவுக்கு மீறிச் சாப்பிடுகிறேனா? ஆமாம், சாப்பிடுகிறேன். ஆனால் இவர் நினைக்கிற நேரத்தில் இல்லை, இவர் நினைக்கிற மாதிரியும் இல்லை. பந்தியில் நான் கொஞ்சமாகத்தான் சாப்பிடுவேன், எல்லாரும் "இவ்வளவுதானா" என்று கேட்பார்கள். காலையில் ஒன்றரை இட்லி, அதையும் நின்றுகொண்டே. மதியம் "இன்றைக்குக் கட்டுப்பாடாக இருக்கணும்" என்று ஒரு கிண்ணம் வெள்ளரிக்காயும் மோரும். சாயங்காலம் நாலு மணிக்குக் கை லேசாக நடுங்கும், அதற்குப் பிள்ளைகள் மிச்சம் வைத்த டிபன் பாக்ஸ் சோறு. ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு அடுப்படி துடைக்கிற சாக்கில் ஆரம்பிக்கும் பாருங்கள். மிக்ஸர் டப்பாவின் மூடி சத்தம் போடும் என்று துண்டைப் போட்டுத் திறப்பேன். நின்றுகொண்டே, ருசி பார்க்காமல், மென்றும் மெல்லாமலும், குழம்புச் சட்டியில் ஒட்டியிருக்கிற சோறு, பிள்ளைகளின் பிஸ்கட், ஆறிப்போன புரோட்டா, அல்வா, திரும்பவும் மிக்ஸர். வயிறு வலிக்கிற வரைக்கும் நிற்காது. பிஸ்கட் கவரைக் குப்பையில் மேலாகப் போடாமல் வெங்காயத் தோலுக்கு அடியில் தள்ளிவிட்டு, வாயைக் கொப்பளித்து, நல்ல பிள்ளையாக வந்து படுப்பேன். படுத்த பிறகு என் மேல் எனக்கு வருகிற அருவருப்பை இங்கே எழுத முடியாது.

இதற்கு ஒரு பெயரே இருக்கிறது தெரியுமா? பிஞ்ச் ஈட்டிங். குறைந்த நேரத்தில் கட்டுப்பாடே இல்லாமல் நிறையச் சாப்பிடுவது, பசிக்காதபோதும் சாப்பிடுவது, வெட்கப்பட்டுத் தனியாகச் சாப்பிடுவது, சாப்பிட்ட பிறகு தன்னையே வெறுப்பது. இது வாரம் ஒரு தடவையாவது நடந்து மூன்று மாதம் தொடர்ந்தால் மருத்துவம் பார்க்க வேண்டிய விஷயம் என்று அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013ல் தன் கையேட்டில் தனி நோயாகவே சேர்த்துவிட்டது. நம் ஊரில் இதற்குப் பெயர் "வாயைக் கட்ட முடியல". தொண்டை வலி என்று போனால்கூட "முதல்ல வெயிட்டக் குறைங்கம்மா" என்று சீட்டில் எழுதுகிற டாக்டர்களில் ஒருத்தர், ஒரே ஒருத்தராவது, "ராத்திரி என்ன நடக்குது, எப்படிச் சாப்பிடுறீங்க" என்று என்னிடம் கேட்டிருப்பாரா? எடை மிஷினில் ஏறச் சொல்வார்கள், நம்பரைச் சத்தமாக வாசிப்பார்கள், முடிந்தது. நர்ஸ் வாசிக்கிற அந்த நம்பர் ரிசப்ஷன் வரைக்கும் கேட்கும்.

பட்டினி போட்டால் மனுஷன் என்ன ஆவான் என்று ஒரு ஆராய்ச்சி உண்டு. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலம், 1944-45. அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 ஆண்களைச் சேர்த்துக்கொண்டு ஆறு மாதம் அரைப் பட்டினி போட்டார். எல்லாரும் ஆரோக்கியமான வாலிபர்கள், ஆண்கள், இதைக் கவனியுங்கள், "பொம்பளைங்களுக்கு வாய் அடங்காது" என்று சொல்ல வழியே இல்லை. ஒரு நாளைக்கு சுமார் 1,570 கலோரி கொடுத்தார்கள். இன்றைக்கு நமக்கு டயட் சார்ட் எழுதிக் கொடுப்பவர்கள் 1,200 என்று எழுதுகிறார்கள், அதையும் சிரித்துக்கொண்டே எழுதுகிறார்கள். அந்த 36 பேருக்கும் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. சமையல் புத்தகம் வாங்கிப் படிக்க ஆரம்பித்தார்கள், எரிந்து விழுந்தார்கள், தட்டை நக்கினார்கள். பட்டினி முடிந்து இஷ்டத்துக்குச் சாப்பிடலாம் என்று விட்டபோது சிலருக்கு நிறுத்தவே தெரியவில்லை, வயிறு நிறைந்த பிறகும் பசித்தது. இதைப் படித்த அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. பகலெல்லாம் என்னைப் பட்டினி போட்டுக்கொள்வதுதான் ராத்திரி டப்பாவைத் திறக்க வைக்கிறது என்று எனக்கு யாருமே சொல்லவில்லையே! இவர் ஒரு பார்வை பார்ப்பார், நான் மறுநாள் பகலில் இன்னும் குறைப்பேன், ராத்திரி இன்னும் கூடும். இப்படித்தான் இத்தனை வருடமும் ஓடியிருக்கிறது.

இவர் போனில் வைத்துக்கொண்டு என்னை மிரட்டுகிற பிஎம்ஐ, அதுதான் உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கிற கணக்கு, இருக்கிறதே, அதற்கு 1972ல் அந்தப் பெயரை வைத்ததும் இதே கீஸ்தான். கணக்கு அதைவிடப் பழையது, 1830களில் பெல்ஜியத்தில் கெட்லே என்கிற வானியல் ஆள் போட்டது, ஜனங்களின் சராசரியைப் பார்க்கப் போட்டதே தவிர ஒருத்தியைச் சாப்பாட்டு மேசையில் நிறுத்தி விசாரிக்கப் போட்டது இல்லை. சரி, அந்தக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். இந்தியர்களுக்கு 23ஐத் தாண்டினால் அதிக எடை, 25ஐத் தொட்டால் உடல் பருமன். எனக்கு 28 வருகிறது. இவருக்குப் போட்டுப் பார்த்தேன், 27. ஒன்றுதான் வித்தியாசம்! தமிழ்நாட்டையே எடுத்துக்கொண்டாலும் அப்படித்தான், 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் பிஎம்ஐ 25ம் அதற்கு மேலும் உள்ள பெண்கள் 40.4 சதவீதம், ஆண்கள் 37 சதவீதம். அந்த மூன்று சதவீத வித்தியாசத்துக்காகத்தான் பேச்சு முழுவதும் எங்களுக்கா? 37 சதவீதம் ஆண்களில் எத்தனை பேருடைய இலையைப் பார்த்து அவர்கள் பெண்டாட்டி "அவருக்குப் போதும்" என்று சொல்லியிருப்பாள்?

அப்புறம் இந்த இலவச ஆலோசனைக் கூட்டம். என் மாமியாருக்கு "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" தவிர வேறு பழமொழியே தெரியாது, வாரம் ரெண்டு நாள் கொள்ளு ரசம், அதில் மகனுக்கு மட்டும் நெய் மிதக்கும். நாத்தனார் வெந்நீரும் தேனும். இவருடைய ஆபீஸில் யாரோ பேலியோ டயட்டில் இளைத்தாராம், உடனே காலையில் 100 பாதாம் எண்ணி ஊறவைத்து எனக்குக் கொடுத்தார், பாதாம் விற்கிற விலைக்கு அதையும் மாதக் கடைசியில் சொல்லிக் காட்டினார். இப்போது புதிதாக ஊசி. "ஒரு ஊசி போட்டா பசியே எடுக்காதாம்" என்று செய்தியைக் காட்டுகிறார், என் பசி எங்கிருந்து வருகிறது என்று கேட்காமலேயே அதை மூடிவிடப் பார்க்கிறார்.

வாக்கிங் போகணுமாம். எப்போது? ஐந்து மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, ரெண்டு டிபன் பாக்ஸ், ஒரு சாப்பாட்டுக் கேரியர் கட்டி, பிள்ளைகளைக் கிளப்பி, பஸ் பிடித்து வேலைக்குப் போய் வந்து திரும்ப அடுப்பு. 2019ல் மத்திய அரசு எடுத்த நேரக் கணக்கில் வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்காக நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவழிக்கிறார்கள் என்று வந்தது. ஆண்களுக்கு 97, அதுவும் வீட்டு வேலை என்று ஏதாவது செய்கிற ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டு. எங்கள் வீட்டில் 97 நிமிடம் என்பதெல்லாம் தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கிற அன்றைக்குப் பார்க்கலாம். காலையில் அந்த டிபன் பாக்ஸைக் கட்டிக் கொடுங்கள், நான் மாநகராட்சிப் பூங்காவை எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றுகிறேன்.

எடை கூடினால் ஒன்றும் ஆகாது என்று சொல்ல எனக்குக் கிறுக்கு இல்லை. எங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை, கால் விரல் எடுக்கிற வரைக்கும் போய் மீண்டது. என் இடுப்பு பெண்களுக்குச் சொல்கிற 80 சென்டிமீட்டரை எப்போதோ தாண்டியாயிற்று, தைராய்டு மாத்திரை வேறு. பயம் எனக்கும் இருக்கிறது, யாரையும் விட எனக்குத்தான் அதிகமாக இருக்கிறது. ஆனால் இவர் பேசுவது சர்க்கரையைப் பற்றி இல்லையே, பேசுவதெல்லாம் புடவை கட்டினால் இடுப்பு தெரிகிறது, குரூப் போட்டோவில் ஓரமாக நில், லெக்கிங்ஸ் வேண்டாம், உன் தங்கை மட்டும் எப்படி மெயின்டெயின் பண்றா. ரத்தப் பரிசோதனை முடிவை ஒரு தடவையாவது வாங்கிப் படித்திருக்கிறாரா? பழைய ப்ளவுஸ் ஒவ்வொன்றையும் டெய்லரிடம் கொடுத்துத் தையல் பிரிக்கிறேன், உள்ளே விட்டிருந்த துணியும் தீர்ந்துவிட்டது, புதிதாகத் தைக்கக் கொடுத்தால் "குறைச்சிட்டு அப்புறம் தைச்சுக்கலாமே" என்கிறார். குறைகிற வரைக்கும் நான் என்ன உடுத்த?

நேற்று இரவு இதில் பாதியை நேருக்கு நேர் சொல்லிவிட்டேன். ராத்திரிச் சாப்பாட்டையும் சேர்த்துத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "அப்ப இனிமே மிக்ஸர் வாங்கலை" என்றார். பாருங்கள், இவ்வளவு பேசியும் இவருக்கு மிக்ஸர்தான் காதில் விழுந்திருக்கிறது! அடுத்த வாரம் மனநல மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். இவரும் கூட வருகிறாராம், வரட்டும். உள்ளே போனதும் "டாக்டர், இவ எவ்வளவு கிலோ குறைக்கணும்" என்று ஆரம்பித்தார் என்றால், அங்கேயே ஆட்டோவுக்குக் காசு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவேன், டாக்டரிடம் மிச்சத்தை நான் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.