வெளுத்துப்போன குறுக்குக்கோடு

இடம்: கோத்தகிரியிலிருந்து குன்னூர் போகும் சாலையில் ஒரு வளைவு. வளைவை ஒட்டி ஒரு டீக்கடை. காலையிலிருந்து இருட்டுவதற்குள் இந்தக் கடையில் படுகு, தமிழ், மலையாளம், கன்னடம், இந்தி என்று ஐந்து மொழியிலும் டீ கேட்பார்கள். ஐந்துக்கும் அக்கா கொடுப்பது ஒரே டீதான். வாசலில் ஒரு தகரப் போர்டு, அதன் கீழே வரிசையாக மூன்று கார்கள். வந்தவர்கள் எதிரே தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். டீ குடிக்க ஒருவரும் வரவில்லை. போர்டு எழுதிய பெயிண்டரை அக்கா ஆளனுப்பி வரவழைத்திருக்கிறார்.

அக்கா: வா தம்பி. இந்த போர்டு நீ எழுதியதுதானே?

பெயிண்டர்: ஆமாம் அக்கா. என் கை வேலை எனக்குத் தெரியாதா?

அக்கா: என்ன சொல்கிறது போர்டு?

பெயிண்டர்: இங்கே வண்டி நிறுத்தக் கூடாது. ஆங்கில 'பி' எழுத்து, அதன் மேல் சிவப்பில் ஒரு குறுக்குக்கோடு. பல நாடுகளிலும் இதுதான்.

அக்கா: கோடு எங்கே?

பெயிண்டர்: (கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு) அடடா. வெளுத்துவிட்டது அக்கா. சிவப்பு அப்படித்தான், வெயிலில் முதலில் போய்ச் சேருவது அதுதான்.

அக்கா: கோடு போய்விட்டது, 'பி' மட்டும் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. வாருங்கள், வண்டியை நிறுத்துங்கள் என்று நானே வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது. நேற்று ஒருவர் வந்து பார்க்கிங் சீட்டு எங்கே கொடுக்கிறீர்கள் என்று கேட்கிறார்.

பெயிண்டர்: கொடுத்தீர்களா?

அக்கா: முப்பது ரூபாய் வாங்கியிருக்கலாம் என்று அவர் போன பிறகுதான் தோன்றியது. அதை விடு. இப்போது புது போர்டு வேண்டும். எழுத்தே கூடாது, எழுத்து போட்டுப் பார்த்தாயிற்று. தமிழில் எழுதினால் கே.எல். வண்டி நிற்கிறது, மலையாளம் சேர்த்தால் கே.ஏ. வண்டி நிற்கிறது. கன்னடமும் சேர்த்தோம்.

பெயிண்டர்: அப்புறம்?

அக்கா: மூன்று மொழியையும் படித்து முடிக்க நேரமாகும் இல்லையா? வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நின்று படித்தார்கள்.

பெயிண்டர்: படம் போட்டுவிடலாம் என்றால் அதிலும் ஒரு வம்பு இருக்கிறது. குன்னூரில் ஒரு ரிட்டயர்டு புரொபசர் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தேன். ஒரு சுவர் காய்வதற்குள் ஒரு லெக்சர் கொடுத்துவிடுவார். அவர் சொன்னது, படத்தால் எதை வேண்டுமானாலும் காட்டலாம், 'இல்லை' என்பதை மட்டும் காட்ட முடியாதாம்.

அக்கா: ஏன் முடியாது?

பெயிண்டர்: கார் நிற்கிற மாதிரி படம் போடலாம். கார் நிற்காத மாதிரி எப்படிப் போடுவது? வெறும் ரோடுதான் வரும். அதனால்தான் குறுக்கே ஒரு கோடு இழுக்கிறோம். அந்தக் கோடு படமே இல்லை அக்கா, அது சொல்.

அக்கா: (யோசித்து) அதுதானா விஷயம்! போன சீசனில் குரங்குக்குத் தீனி போடாதே என்று நீ ஒரு போர்டு எழுதினாயே. குரங்கு, கையில் வாழைப்பழம், மேலே கோடு. ஒரு சின்னப் பையன் அதைப் பார்த்து, குரங்கை ஏன் அடித்துப் போட்டீர்கள் என்று அழுதுவிட்டான். அதிலும் கோடு வெளுத்தது. இப்போது அந்த போர்டைப் பார்த்துவிட்டு, குரங்குக்குப் போட இங்கேதான் வாழைப்பழம் கிடைக்குமா என்று கேட்கிறார்கள்.

பெயிண்டர்: நல்ல வியாபாரம்தானே?

அக்கா: ஒரு சீப்பு போகிறது. அதில் பாதியைக் குரங்கு என் கையிலிருந்தே பிடுங்கிக்கொள்கிறது. அதற்கு ஒரு போர்டும் தேவையில்லை. கவர் சரசரத்தால் போதும், கூரையிலிருந்து இறங்கிவிடும்.

பெயிண்டர்: கவருக்கு நீலகிரியில் தடை ஆயிற்றே.

அக்கா: தடை என்று நீ குரங்குக்கு ஒரு போர்டு எழுதி வை.

பெயிண்டர்: (உற்சாகமாக) இதுவும் புரொபசர் சொன்ன கணக்கில் வருகிறது. அமெரிக்காவில் ஒருவர் இருந்தாராம். அடையாளம் எல்லாமே மூன்று வகைக்குள் அடங்கிவிடும் என்று வாழ்நாள் முழுக்க எழுதித் தள்ளியிருக்கிறார். பேர் பர்ஸ்.

அக்கா: பர்ஸா? காசு வைப்பதா?

பெயிண்டர்: காசு எங்கே! 1914-ல் கையில் ஒன்றும் இல்லாமல் வறுமையில்தான் போய்ச் சேர்ந்தார்.

அக்கா: பேர் பர்ஸ், உள்ளே காலி.

பெயிண்டர்: பேருக்கும் ஆளுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று சட்டமா அக்கா? தொல்காப்பியரே சொல்லிவிட்டார் என்று புரொபசர் அடிக்கடி சொல்வார். 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா.' இந்தச் சொல்லுக்கு ஏன் இந்தப் பொருள் என்று பளிச்சென்று தெரியாதாம்.

அக்கா: முழித்திருந்தால்தானே தெரியும். நீ பாதி நாள் என் பெஞ்சில் தூங்குகிறாய். சரி, அந்த மூன்று என்ன?

பெயிண்டர்: முதல் வகை சாயல். பஜ்ஜி மாதிரி படம் போட்டால் பஜ்ஜி. இரண்டாவது தடயம், அதாவது...

அக்கா: காலையில் வாசலில் சூடாகச் சாணி கிடந்தால் காட்டெருமை பக்கத்தில்தான் நிற்கிறது என்று கதவைச் சாத்திக்கொள்வேனே, அதுவா?

பெயிண்டர்: அதேதான்!

அக்கா: இதைச் சொல்ல அமெரிக்காவிலிருந்து ஆள் வர வேண்டுமா? மூன்றாவது?

பெயிண்டர்: வழக்கம். பஸ்ஸில் கண்டக்டர் ஒரு விசில் அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் போ. விசிலுக்கும் பிரேக்குக்கும் என்ன உறவு? ஒன்றும் கிடையாது. எல்லோரும் ஒத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

அக்கா: எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்களா என்ன? மலை ரோட்டில் முன்னால் போகிற லாரி வலது பக்கம் இண்டிகேட்டர் போட்டால் என்ன அர்த்தம், சொல்லு.

பெயிண்டர்: வலது பக்கம் திரும்புகிறேன் என்று அர்த்தம். இல்லாவிட்டால், எதிரே வண்டி இல்லை, என்னை முந்திக்கொண்டு போ என்று அர்த்தம்.

அக்கா: என் அண்ணன் மகன் இரண்டாவது அர்த்தத்தில் முந்தினான். லாரிக்காரர் முதல் அர்த்தத்தில் திரும்பினார்.

பெயிண்டர்: ஐயோ! ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லையே?

அக்கா: ஆள் தேயிலைக் காட்டில் விழுந்தான், பைக் முட்டைக்கோஸ் காட்டில் விழுந்தது. முட்டைக்கோஸுக்குத்தான் பணம் கட்டினோம்.

(பெயிண்டர் கடையின் பக்கவாட்டில் ஒதுங்கிப் பீடி பற்ற வைக்கிறார். அங்கே ஒரு சிலிண்டர் நிற்கிறது.)

அக்கா: டேய் தம்பி, சிலிண்டர்!

பெயிண்டர்: காலிச் சிலிண்டர்தானே அக்கா. புரொபசர் இதைப் பற்றியும் ஒரு கதை சொன்னார். வோர்ஃப் என்று இன்னொரு அமெரிக்கர். மொழி நம் புத்தியை எப்படி இழுத்துக்கொண்டு போகிறது என்று ஆராய்ச்சி செய்தவர். ஆனால் பிழைப்புக்குப் பார்த்தது தீ இன்சூரன்ஸ் கம்பெனி வேலை. எங்கெங்கே எப்படித் தீப்பிடித்தது என்று போய்ப் பார்ப்பார். பெட்ரோல் நிரம்பிய டிரம் இருக்கிற பக்கம் ஆட்கள் ஜாக்கிரதையாக இருந்தார்களாம். 'காலி டிரம்' என்று வைத்திருந்த பக்கம் சிகரெட் பிடித்தார்களாம். காலி என்றால் ஒன்றும் இல்லை என்று நினைப்பு. உள்ளே முழுக்க ஆவி நிற்கும், நிரம்பிய டிரம்மைவிட அதுதான் ஆபத்து. காலி என்ற அந்த ஒரு சொல்...

(பீடியைப் பார்க்கிறார். சிலிண்டரைப் பார்க்கிறார். இரண்டே எட்டில் ரோட்டுக்கு வந்துவிடுகிறார்.)

அக்கா: கதையை முழுசாகச் சொல்லி முடித்த பிறகுதான் உனக்கே புரிகிறது.

பெயிண்டர்: (மூச்சு வாங்க) போர்டு விஷயத்துக்கு வருவோம் அக்கா. வேண்டுமானால் மண்டை ஓடு வரைந்து விடட்டுமா? அபாயம் என்றால் மண்டை ஓடுதான்.

அக்கா: டீக்கடை வாசலில் மண்டை ஓடா? டீயைப் பற்றி எழுதியிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளவா?

பெயிண்டர்: அதுவும் சரிதான். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் என்ற ஊரிலேயே மண்டை ஓடு எடுபடவில்லை. விஷ பாட்டிலில் மண்டை ஓட்டைப் பார்த்தால் அங்கே குழந்தைகளுக்குக் கடற்கொள்ளைக்காரன் ஞாபகம்தான் வந்ததாம். பயப்படாமல் ஆசையாக எடுத்தார்கள். அதனால் 1971-ல் அங்கே இருந்த குழந்தைகள் ஆஸ்பத்திரி, நாக்கை நீட்டி முகம் சுளிக்கிற ஒரு பச்சை மூஞ்சியைக் கொண்டுவந்தது.

அக்கா: பச்சை மூஞ்சியும் வேண்டாம். என் மாமியார் படம் என்று ஊர் பேசும்.

பெயிண்டர்: நம் போர்டாவது ஒரு சீசன் தாங்கினால் போதும். நியூ மெக்சிகோவில் தரைக்குக் கீழே 600 மீட்டருக்கும் அதிக ஆழத்தில், உப்புப் பாறைக்குள் அணுக்கழிவைப் புதைக்கிறார்கள். அங்கே வைக்கிற எச்சரிக்கை 10,000 வருஷம் கழித்து வருகிறவனுக்கும் புரிய வேண்டும். இங்கே தோண்டாதே, அவ்வளவுதான் சேதி.

அக்கா: 10,000 வருஷமா? உன் சிவப்புப் பெயிண்ட் ஒரு வருஷம் தாங்கவில்லை.

பெயிண்டர்: பெயிண்ட்டை விடுங்கள், மொழியே தாங்காது. அன்றைக்கு எவன் என்ன பேசுவானோ! அதனால் இந்த மாதிரி இடங்களுக்காகப் பெரிய பெரிய அறிஞர்கள் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். ஒருவர் சொன்ன யோசனை, அணுவுக்கென்று ஒரு பூசாரிக் கூட்டத்தை ஏற்படுத்திவிடலாம். தலைமுறை தலைமுறையாக அந்தப் பக்கம் போகாதே, சாமி குத்தம் என்று சொல்லிக்கொண்டே வருவார்கள்.

அக்கா: யார் இந்த யோசனையைச் சொன்னது? பூசாரி ஒருவர் ஓர் இடத்தைக் காட்டித் தோண்டாதே என்று சொன்னால் நம் ஊரில் என்ன நடக்கும்? உள்ளே புதையல் இருக்கிறது என்று அன்றைக்கு ராத்திரியே கடப்பாரையோடு போய்விடுவார்கள்.

பெயிண்டர்: இன்னொன்று கேளுங்கள். 1984-ல் ஒரு பிரெஞ்சு அம்மாவும் ஓர் இத்தாலிக்காரரும் சேர்ந்து சொன்னது. கதிர்வீச்சு பட்டால் நிறம் மாறுகிற பூனையை உண்டாக்க வேண்டும். பூனை நிறம் மாறினால் ஓடிப் போ என்று பாட்டு, கதை, பழமொழி எல்லாம் கட்டி ஊரில் விட்டுவிட வேண்டும். மொழி மாறினாலும் கதை தங்கும், பூனையும் மனுஷன் கூடவே இருக்கும்.

அக்கா: அதற்கு எதற்கு நிறம் மாற வேண்டும்? நம் ஆட்கள் பூனை குறுக்கே போனாலே திரும்பிப் போய்விடுகிறார்கள்.

பெயிண்டர்: (வாயடைத்து) இதை அவர்களிடம் யாராவது சொல்லியிருக்கலாம்.

அக்கா: பூனைதான் சரி என்று வைத்துக்கொண்டால், நான் ஒரு பூனை வளர்த்து, கார் வரும்போதெல்லாம் குறுக்கே ஓட விட வேண்டுமா?

பெயிண்டர்: கே.எல். வண்டிக்காரருக்கும் அந்தப் பயம் உண்டா என்று விசாரிக்க வேண்டும்.

(இந்த இடத்தில் நான்காவதாக ஒரு கார் வந்து நிற்கிறது. அக்காவின் பொறுமை போய்விடுகிறது. கையில் அரிவாளோடு கடைக்குப் பின்னால் போகிறார். பெயிண்டர் பயந்து எழுந்திருக்கிறார். ஆனால் அக்கா கொண்டுவந்தது ஒரு சில்வர் ஓக் கிளை. முதலில் வந்த மூன்று காரும் ஒருவழியாகக் கிளம்பிப் போகிற சமயம் பார்த்து, கிளையை இலையும் தழையுமாக ரோட்டோரம் போட்டு, பக்கத்தில் ஒரு பெரிய கல்லையும் உருட்டி வைக்கிறார். நான்காவது கார்க்காரர் எட்டிப் பார்க்கிறார், கியர் மாற்றுகிறார், போய்விடுகிறார்.)

பெயிண்டர்: அக்கா! என்ன செய்தீர்கள்?

அக்கா: லாரி பிரேக்டவுன் ஆனால் என்ன செய்வார்கள்? கிளையை ஒடித்துப் போட்டுக் கல்லை வைப்பார்கள். எந்த மொழிக்காரனும் ஒதுங்கிப் போவான். வெளுத்துப்போக இதில் சிவப்புமில்லை.

பெயிண்டர்: இது மூன்று வகையில் எதில் சேரும்? இலை வண்டி மாதிரியும் இல்லை, ஆகவே சாயல் இல்லை. வண்டி நின்றதால் கிளை தானாக முளைக்கவும் இல்லை, ஆகவே தடயம் இல்லை. வழக்கம்தான்! ஆனால் அக்கா, இங்கே பிரேக்டவுன் ஆன வண்டியே இல்லையே. இது பொய் ஆயிற்றே!

அக்கா: தடயம் பொய் சொல்லாது, சாணி போட்டது காட்டெருமைதான். வழக்கத்தில்தான் பொய் சொல்ல முடியும். இதை உன் புரொபசர் சொல்லவில்லையா?

(பெயிண்டர் பதில் சொல்வதற்குள் அரசு பஸ் ஒன்று கிளையைப் பார்த்து ஒதுங்கி, கடையில் நிற்காமலே போய்விடுகிறது. இறங்க வேண்டியவர்கள் ஜன்னல் வழியாகக் கத்துகிறார்கள். சற்று நேரத்தில் ஸ்பானரோடு ஒரு மெக்கானிக் வந்து சேர்கிறார். மேல் வளைவில் ஒரு லாரிக்காரர் சொல்லி அனுப்பினாராம். எந்த வண்டி என்று தேடிப் பார்த்துவிட்டு ஒரு டீ சொல்கிறார்.)

அக்கா: பார்த்தாயா, இன்றைக்கு முதல் போணி.

பெயிண்டர்: பஸ் போய்விட்டதே?

அக்கா: டிரைவரிடம் நாளைக்குச் சொல்லிக்கொள்கிறேன். நம் கிளைக்கு மட்டும் வேறு அர்த்தம் என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டால் போயிற்று. சரி, கிளம்பு தம்பி.

பெயிண்டர்: என் கூலி?

அக்கா: போர்டே எழுதவில்லை, என்ன கூலி?

பெயிண்டர்: அரை நாள் யோசித்தேனே. பர்ஸ், வோர்ஃப், பூனை...

அக்கா: (கல்லாவைத் திறந்து) இருநூறு ரூபாய் தரட்டுமா?

(பெயிண்டர் சந்தோஷமாகத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறார்.)

அக்கா: வேண்டாமா? நல்ல மனசு. (கல்லாவை மூடுகிறார்.)

பெயிண்டர்: அக்கா, அது 'வேண்டாம்' இல்லை! 'சரி' என்று ஆட்டினேன்!

அக்கா: அப்படியா? கீழே ஒரு வரி எழுதிக் காட்டியிருக்கலாமே தம்பி, உனக்குத்தான் போர்டு எழுதத் தெரியுமே.