உணவு சேகரிப்பைப் பொங்கலுக்கு மாற்றுவோம்

கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் எங்கள் ஊர்ச்சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் கோயில்களுக்கும் ஒரு வேண்டுகோள். இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவுப் பொருள் கொடுக்கும் உணவு வங்கிக்காக டிசம்பரில் நடத்தும் சேகரிப்பைத் தைப்பொங்கலுக்கு மாற்றுங்கள்.

சில வருடங்களாக நத்தார் காலத்தில் உணவு வங்கியில் தொண்டு செய்து வருகிறேன். அந்த மாதத்தில் பொருளுக்கும் குறைவில்லை, கை கொடுக்க வரும் ஆட்களுக்கும் குறைவில்லை. பள்ளிக்கூடம், அலுவலகம், தேவாலயம் என்று எல்லாரும் கொண்டுவந்து குவிக்கிறார்கள். ஜனவரி பிறந்ததும் வரத்து சட்டென்று படுத்துவிடுகிறது. வரிசை மட்டும் குறைவதே இல்லை. குளிருக்கான செலவும் பண்டிகைக் கடனும் ஒன்றாகக் கழுத்தை நெரிக்கும் மாதம் அது.

தரம் பிரிக்கும் மேசையில் நின்று பார்த்தால் இன்னொன்றும் விளங்கும். தகரப் பேணியின் நடுவில் சிறு நெளிவு என்றால் வைத்துக்கொள்ளலாம். விளிம்புப் பொருத்தில் நெளிந்திருந்தால் எறிந்துவிட வேண்டும். உப்பிய பேணியைத் திறந்தும் பார்க்கக் கூடாது. பெரும்பாலான உணவுகளில் அச்சிட்டிருப்பது தரம் குன்றாமல் இருக்கும் காலம்தான். அது கடந்த உடனே உணவு கெட்டுவிடுவதில்லை. குழந்தைப் பால்மாவில் இருப்பதோ காலாவதித் திகதி, கடந்தால் குப்பைக்குத்தான். பால்மா விலை தெரிந்தவர்களுக்கு அதைத் தூக்கிப் போடும்போது வயிறு எரியும். இவ்வளவையும் பிரித்து அடுக்கிய பிறகு மேசையில் மிஞ்சுவது பெரும்பாலும் கிறான்பெரி சோஸும் சூப்புப் பேணிகளும். வரிசையில் நிற்கும் அம்மா கேட்பது அரிசி, பருப்பு, சமையல் எண்ணெய்.

வரிசையில் யார் நிற்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2024 மார்ச் மாதத்தில் மட்டும் கனடா முழுவதும் உணவு வங்கிகளுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகள் பதிவாயின. 2019 மார்ச்சோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ இரட்டிப்பு. அவற்றில் மூன்றில் ஒரு பங்கு குழந்தைகளுக்கானது. வந்தவர்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்கு முதன்மை வருமானமே வேலைச் சம்பளம். “உழைக்கப் பஞ்சிப்பட்டு வருகிறார்கள்” என்று நம்மவர்களே பேசுவதைக் கேட்கும்போது கோபம் வருகிறது. வாடகையைக் கட்டிவிட்டுச் சோற்றுக்குத் தடுமாறும் மனிதர்களைப் பற்றியா இந்தப் பேச்சு?

பொங்கல் நடு ஜனவரியில் வருகிறது. அந்த மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக அரசே ஏற்றிருக்கிறது. மண்டபம் எடுக்கிறோம், மேடை போடுகிறோம், கூட்டமும் சேர்கிறது. அந்த வாசலிலேயே பெட்டி வைத்தால் என்ன? பச்சரிசி, பயறு, மைசூர்ப் பருப்பு, தேங்காய்ப்பால் பேணி, ரின்மீன். இவை தமிழருக்கு மட்டும் போய்ச் சேரும் பொருள்கள் அல்ல. பிலிப்பைன்ஸ், கரீபியன், ஆப்பிரிக்கக் குடும்பங்களிலும் அரிசி அன்றாட உணவு. எதைக் கொடுப்பது என்று தெரியாதவர்கள் பணமாகக் கொடுக்கலாம். மொத்த விலைக்கு வாங்கும் உணவு வங்கியின் கையில் அதே பணத்துக்குக் கூடுதலான சாமான் வரும்.

இன்னொன்று: வாங்க வருபவர்களைப் படம் எடுக்காதீர்கள். மேடையில் நிறுத்திப் பொதி கொடுக்கும் வழக்கம் இங்கே வேண்டாம்.

சங்க நிர்வாகத்தில் இருப்பவர்கள் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். மண்டபத்தை ஒழுங்கு செய்வதற்கு முன் உங்கள் பகுதி உணவு வங்கிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, ஜனவரியில் எதற்குத் தட்டுப்பாடு என்று கேளுங்கள். பெட்டி தூக்கவும் பிரிக்கவும் ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன்.