வேலைக்குப் போகிறாள் என்பதால் நோயில்லை என்றாகுமா?

இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் சோர்வும் அன்றாடச் செயற்பாட்டில் ஏற்படும் பாதிப்புமே மனச்சோர்வு நோயின் அடையாளம் என்று அந்நோய் பற்றிய கட்டுரையொன்றில் அதன் ஆசிரியர் எழுதியிருக்கிறார். அளவுகோல் சரியானதுதான், அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடும் 9 அறிகுறிகளில் குறைந்தது 5 இருக்க வேண்டும் என்றும், அவற்றுள் ஒன்று தாழ்ந்த மனநிலையாகவோ ஆர்வமிழப்பாகவோ இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. ஆனால் இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வளர்ந்தவன் என்ற வகையில், ‘செயற்பாட்டுப் பாதிப்பு’ என்ற இடத்தில் நான் தயங்கி நிற்கிறேன். கொழுந்து பறிக்க மலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர், அதாவது ஒரு நாள் சம்பளக் கணக்கு, கிடைக்காது என்பதால், உறக்கமும் பசியும் அற்றுப்போன பெண்ணும் விடிந்ததும் கூடையோடு கிளம்பிவிடுகிறாள். வேலையை மேற்பார்வை செய்யும் கங்காணியின் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் நிறுவையில் குறைந்துபோன கொழுந்து மட்டுமே.

வைத்தியரிடமும் அவள் மனம் சரியில்லை என்று சொல்வதில்லை. நெஞ்சு அடைக்கிறது, உடம்பெல்லாம் உளைகிறது என்பாள். வலி மாத்திரையோடு லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டுக்கு) திரும்புவாள். (இரத்தச்சோகையும் தைரொயிட் சுரப்புக் குறைவும் இதே களைப்பைத் தரக்கூடும் என்பதால், அவற்றைச் சோதிக்காமல் உளநோய் என்று முத்திரை குத்துவதும் பிழைதான்.) தமிழறியாத வைத்தியருக்குக் கணவனோ மாமியாரோ மொழிபெயர்த்துச் சொல்லும் அறையில், அவளால் எதைத்தான் மனம்விட்டுச் சொல்ல முடியும்?

கட்டுரையின் சிகிச்சைப் பகுதியில் ஒன்று விடுபட்டுவிட்டது. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும் என்பதை யாரும் விளக்காததால், முதல் வாரத்திலேயே நிறுத்திவிட்டவர்களை நான் அறிவேன். இலங்கையின் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926ஐயும் கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.