பனடோல்: மறுநாள் சுகமாக இருப்பதை நம்ப வேண்டாம்

"பனடோல் அளவுக்கு மிஞ்சினாலும் வாந்தியோடு போய்விடும், மறுநாள் ஆள் எழும்பி நடந்தால் ஆஸ்பத்திரி தேவையில்லை" என்று ஒருவர் இங்கே எழுதியிருப்பது பிழையானது, அதை நம்பி எந்த வீடும் காத்திருந்துவிடக் கூடாது. பனடோலில் உள்ள மருந்தான பரசிற்றமோல் நஞ்சாகும்போது முதல் 24 மணித்தியாலத்தில் குமட்டலுக்கு மேல் எதுவும் தெரியாமலே போகலாம். ஆனால் ஈரல் அதை உடைக்கையில் உண்டாகும் நச்சுப்பொருளை அடக்கிவைக்கும் குளுட்டாதயோன் தீர்ந்துபோக, ஈரற் கலங்கள் அழியத் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில்தான் வலது விலாவின் கீழ் நோவும் கண்ணில் மஞ்சளும் தென்படுகின்றன. மாற்றுமருந்தான அசிற்றைல்சிஸ்ரீன் 8 மணித்தியாலத்துக்குள் கொடுக்கப்பட்டால் மிக நன்றாக வேலை செய்யும். பிந்தினாலும் பயனுண்டு, ஆகவே நேரம் கடந்துவிட்டதென்று வீட்டில் இருந்துவிடவும் வேண்டாம்.

வேண்டுமென்றே விழுங்கியவர்கள் மட்டுந்தான் இதற்காக ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்படுகிறார்கள் என்பதும் சரியல்ல. காய்ச்சலுக்கு ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரண்டு பனடோல் எடுத்துவந்த என் பெரியம்மா, தடிமனுக்கென்று வாங்கிய குளிசையையும் சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் அதிலும் பரசிற்றமோல் என்று பொடி எழுத்தில் இருந்தது. வளர்ந்தவருக்கு ஒரு நாளின் உச்ச அளவு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசை எட்டு. மிக மெலிந்தவர்களுக்கும் ஈரல் நோயாளருக்கும் அதிலும் குறைவு. கூடிவிட்டதென்று தெரிந்தால், வருத்தம் தெரியும்வரை பொறுக்காமல், அந்த அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே போதனா வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். இலங்கையில் 1990 இலக்க அம்புலன்ஸ் இலவசமாகவே வரும்.