ரி.கே.ஓ. என்று கண்டால் அடுத்த கேள்வியையும் கேளுங்கள்

லுப்தான்சா, எயார் பிரான்ஸ் போன்ற ஐரோப்பிய விமானக் கம்பனிகளின் அறிக்கையில் “ரி.கே.ஓ. கூடியது” என்று இருந்தால், குத்துச்சண்டையில்போல அங்கே யாரும் யாரையும் அடித்து விழுத்தவில்லை. தொன்-கிலோமீற்றர் கணக்கில் விற்கக்கூடிய கொள்ளளவு கூடியிருக்கிறது, அவ்வளவுதான். ஆங்கில வழக்கில் இதையே ஏ.ரி.கே. (available tonne-kilometres) என்பார்கள். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் லொஜிஸ்டிக்ஸ் படிக்கிற பிள்ளைகள் மூன்றெழுத்தைத் தேடப்போய் குத்துச்சண்டை வீடியோவுக்குள் விழுவது பெரிய விசயமில்லை. இரண்டு துறையிலும் அந்த மூன்றெழுத்தை மட்டும் வாசித்துவிட்டு முடிவு சொல்வதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

முதலில் குத்துச்சண்டை. விழுந்தவர் பத்து எண்ணி முடியுமுன் எழும்பாவிட்டால் நொக் அவுட். ரி.கே.ஓ.வுக்கு, அதாவது ரெக்னிக்கல் நொக் அவுட்டுக்கு, எண்ணி முடிக்கத் தேவையே இல்லை. நடுவர் நிறுத்தலாம், மருத்துவர் சொல்லி நிறுத்தலாம், மூலையில் நிற்கும் பயிற்றுவிப்பாளரும் போதும் எனலாம். 1975 இல் முகமது அலியுடன் நடந்த மணிலாச் சண்டையில் 14ஆம் சுற்று முடிந்ததும் ஜோ பிரேசியரை அடுத்த சுற்றுக்கு விடாமல் நிறுத்தியவர் அவருடைய பயிற்றுவிப்பாளர் எடி ஃபட்ச். அமெரிக்கப் பதிவில் அது ரி.கே.ஓ., பிரித்தானிய வழக்கில் ஆர்.ரி.டி. (விலகினார்). ஒலிம்பிக்கிலும் 2016 ரியோவில் ரி.கே.ஓ. என்று போட்டார்கள், டோக்கியோவில் ஆர்.எஸ்.சி. (நடுவர் சண்டையை நிறுத்தினார்) என்று போட்டார்கள்.

“எழும்பிட்டான்தானே, ஏன் நிப்பாட்டின?” என்று வளையத்துக்கு வெளியே கத்துகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். எட்டு எண்ணி முடியும்போது நடுவர் கால்களைப் பார்ப்பார், கண் ஒரு இடத்தில் நிலைக்கிறதா என்று பார்ப்பார், தன்னை நோக்கி நடந்து வரச்சொல்வார். கை தாழ்ந்து, வாங்கிற அடிக்குப் பதில் அடி வராவிட்டால், நின்றுகொண்டிருந்தாலும் நிறுத்துவதுதான் சரி. ஒரு அடி முந்தி நிறுத்தினால் ஒரு போட்டிதான் போகும். 1982 இல் அமெரிக்க வீரர் ரே மன்சினியுடன் மோதிய கொரிய வீரர் கிம் டக் கூவின் சண்டை 14ஆம் சுற்றில்தான் நின்றது. சில நாளில் அவர் இறந்துபோனார். அதற்குப் பிறகே உலகப் பட்டச் சண்டைகள் 15 சுற்றிலிருந்து 12க்குக் குறைந்தன. அந்தச் சண்டையின் முடிவும் பதிவில் வெறும் ரி.கே.ஓ. 14தான்.

அதனால் முடிவுச் சீட்டில் காரணமும் எழுதியிருக்க வேண்டும். கைக் காயத்தால் நின்றதா, தலையில் வாங்கிய அடியால் நின்றதா? தலையடி என்றால் குறைந்தது 30 நாள் போட்டியும் இல்லை, ஸ்பாரிங்கும் (பயிற்சிச் சண்டையும்) இல்லை. “பொடியன் நல்லாத்தான் இருக்கான்” என்று அடுத்த கிழமையே கையுறை மாட்டிவிடுகிற பயிற்றுவிப்பாளரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

விமானக் கணக்கு இதைவிடச் சுகம், ஏமாற்றுவதும் சுகம். ஏற்றக்கூடிய சுமையைத் தொன்னில் எடுத்துத் தூரக் கிலோமீற்றரால் பெருக்க வேண்டும். பயணி, பயணப்பொதி, சரக்கு, தபால் எல்லாம் சேரும். 8 ஆசன சிறு விமானமொன்று இரத்மலானையிலிருந்து மட்டக்களப்புக்கு வருகிறது என்று வையுங்கள். பொதியோடு ஆளுக்கு 100 கிலோ என்றால் 0.8 தொன். வான்வழித் தூரம் ஏறத்தாழ 220 கிலோமீற்றர். பெருக்கினால் 176 தொன்-கிலோமீற்றர். இதுதான் ரி.கே.ஓ. மூன்று பேர் மட்டும் ஏறினாலும் அதே 176தான்! ஏற்றியதைக் காட்டுவது ரி.கே.ரி.; இங்கே அது 66. 66ஐ 176ஆல் வகுத்தால் 37.5 வீதம். ரி.கே.ஓ. கூடி ரி.கே.ரி. கூடாவிட்டால் கம்பனி வெறும் இடத்தைத்தான் பறக்க விடுகிறது. அதை வளர்ச்சி என்று செய்தி போடுவது சுத்தப் பிழை.

இரண்டு கம்பனிகளை ஒப்பிடுமுன், பயணிக்கு 90 கிலோவா 100 கிலோவா போட்டார்கள் என்று பாருங்கள். சுமை விமானத்தின் உச்ச அளவா, அந்தப் பாதையில் உண்மையில் தூக்கக்கூடியதா என்றும் பாருங்கள். நீண்ட பயணத்துக்கு எரிபொருள் கூட வேண்டும். அந்த நிறை சரக்கிலிருந்துதான் வெட்டப்படும். கட்டை ஓடுபாதையும் மத்தியான வெயிலும் இன்னும் குறைக்கும்.

நண்டு, இறால் அனுப்புகிறவர்களுக்கு இன்னொன்று. தொன் கணக்கில் இடம் மிச்சம் இருந்தாலும் கன அளவு முதலில் முடிந்துவிடலாம். விமானச் சரக்கில் கன அளவையும் நிறையாக்கிப் பார்த்து, எது கூடவோ அதற்குத்தான் காசு எடுப்பார்கள். 60×50×40 சென்ரிமீற்றர் ரெஜிபோம் பெட்டியின் கன அளவை 6,000 ஆல் வகுத்தால் 20 கிலோ. உள்ளே 12 கிலோதான் இருந்தாலும் 20க்குத்தான் காசு. ஐஸ் பக்கற்றோடு 25 கிலோ வந்தால் 25க்கு. பெட்டியைத் தெரிவுசெய்யும்போதே இதைப் போட்டுப் பாருங்கள்.